ஸ்பின்னிங் மில்லிலிருந்து நெட்வொர்க் வேலைக்கு: ஒரு மின் சூப்பர்வைசரின் மாற்றம்

சிஸ்கோ நிறுவனம் தேர்வு வைத்துக் கொடுக்கும் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ முடித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்காத ஆள் என் ஞாயிற்றுக்கிழமை நெட்வொர்க் வகுப்பில் இல்லை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே வேறு வேலையில் இருப்பவர்கள். மெடிக்கல் ரெப் ஒருவர், கூரியர் ஆபீஸ் பொறுப்பாளர் ஒருவர், செல்போன் கடைக்காரர் ஒருவர், இப்படி. அவர்களுக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்வதைவிட ஒருவர் மாறிய விதத்தை முழுசாகச் சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். அவர் பெயர் வேண்டாம் என்றார். வகுப்பில் எல்லோரும் அவரை மில்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் அவரை இன்டர்வியூ வரைக்கும் கொண்டுபோய் விட்டது. வேலையை வாங்கிக் கொடுத்தது, படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பழைய மில்லுக்குள்ளேயே அவர் பார்த்த நெட்வொர்க் வேலை. பகுதிநேரப் படிப்பைப் பற்றிப் பேசும் பலர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை.

ஆள் யார்

திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். டிப்ளமோ இ.இ.இ. வயது 32. பத்து வருட சர்வீஸ், ஓ.டி. சேர்த்து மாதம் 24,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். ஒரு பெண் குழந்தை, அப்போது ஒன்றாம் வகுப்பு.

2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. கண்டி என்றால் 356 கிலோ. அந்த விலைக்குப் பஞ்சு வாங்கி நூல் விற்றால் கட்டுப்படியாகாது என்று பல மில்கள் உற்பத்தியைக் குறைத்தன. இவர் மில்லிலும் மெஷின்கள் பாதி நாள் நின்றன, ஓ.டி. போயிற்று. மில் திரும்பவும் ஓடும் என்பது தெரியும். ஆனால் சூப்பர்வைசருக்கு மேலே உள்ள இன்ஜினியர் பதவி பி.இ. முடித்தவர்களுக்குத்தான் என்பதும் தெரியும். ஓடினாலும் நின்றாலும் தனக்கு இதே இடம்தான் என்ற எண்ணம் அந்த மாதத்தில் உறைத்திருக்கிறது.

நெட்வொர்க்கை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டேன். சிசிடிவி, பயோமெட்ரிக், டேலி, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷினின் உற்பத்திக் கணக்கு என்று மில்லில் எல்லாம் கேபிளுக்கு வந்துவிட்டது. எது நின்றாலும் திண்டுக்கல்லிலிருந்து ஒரு ஆள் வருவார். "அவர் ஏறுவாரு, நான் ஏணியைப் பிடிச்சிட்டு நிப்பேன் சார். ஒரு நாள் நம்மளே ஏறினா என்னன்னு தோணுச்சு" என்றார். இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை.

எதையெல்லாம் வேண்டாம் என்றார்

டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி மாதிரியான இடங்களில் பகுதிநேர பி.இ. உண்டு. மாலை வகுப்பு. வேடசந்தூரிலிருந்து தினமும் போய்வரும் தூரம் அல்ல, ஷிஃப்ட்டும் ஒத்துவராது. இக்னோவில் பி.சி.ஏ. சேரலாம், மூன்று வருடம். பட்டம் கைக்கு வரும், ஆனால் நெட்வொர்க் அதில் ஒரு மூலைதான். நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களை மனதில் வைத்து வந்தது. பத்து வருட சர்வீஸ் போட்டவருக்கு அது வழியல்ல.

அப்புறம், வேலைக்கு கேரண்டி என்று போர்டு வைக்கும் பயிற்சி மையங்கள். பெருநகரத்தில் அப்படி ஒன்றில் விசாரித்திருக்கிறார். வேலையை விட்டுவிட்டு வந்து மூன்று மாதம் தங்க வேண்டும், கட்டணம் எழுபதாயிரம், பாதி முன்பணம். கேரண்டி என்றால் என்ன என்று எழுத்தில் கேட்டபோது, இன்டர்வியூவுக்கு அனுப்புவோம் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. நல்லவேளை, பணம் கட்டும் முன்பே கேட்டுவிட்டார்.

கடைசியில் எடுத்தது மலிவான வழி. ஞாயிறு வகுப்பு ஒன்று. மற்றபடி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வீடியோக்கள், சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் இலவசப் பாடங்கள், அதோடு வரும் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள். ரவுட்டர், ஸ்விட்ச் (பல கம்ப்யூட்டர்களின் கேபிள்களை இணைக்கும் பெட்டி) எல்லாவற்றையும் திரையிலேயே இழுத்துப் போட்டு இணைத்துப் பார்க்க அது போதும். அவரிடம் இருந்த 4 ஜிபி லேப்டாப்பில் முனகிக்கொண்டாவது ஓடியது.

மூன்று வாரச் சுழற்சி

பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்குக் கிடைக்கும் வழக்கமான அறிவுரை, தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கு என்பது. மில்லில் ஷிஃப்ட் வாரத்துக்கு ஒரு முறை மாறும்: காலை 6 முதல் 2 வரை, மதியம் 2 முதல் இரவு 10 வரை, இரவு 10 முதல் காலை 6 வரை. அந்த அறிவுரையை நம்பி மூன்று வாரமும் ஒரே மாதிரி படிக்கப் பார்த்தார். நைட் ஷிஃப்ட் வாரத்தில் படித்தது எதுவும் தலையில் ஏறவில்லை. ஏறவில்லையே என்ற எரிச்சலில் அடுத்த வாரமும் கெட்டது. இரண்டு சுழற்சி இப்படிப் போனதும் விட்டுவிடலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

திட்டத்தை வாரக்கணக்கில் போடாமல் மூன்று வாரக் கணக்கில் மாற்றிப் போட்டோம். காலை ஷிஃப்ட் வாரம் புதுப் பாடத்துக்கு; சாயங்காலம் உட்கார நேரம் இருக்கும். மதிய ஷிஃப்ட் வாரம் லேபுக்கு, அதாவது செய்முறைக்கு. குழந்தை பள்ளிக்குப் போனபின் வீடு அமைதி. நைட் வாரத்தில் புதிதாக ஒன்றும் கிடையாது. பார்த்த வீடியோவையே திரும்பப் பார்க்கலாம், தூங்கவும் தூங்கலாம். மூன்றில் ஒரு வாரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதும்தான் மற்ற இரண்டும் உருப்பட்டன. மருத்துவமனை, மில், செக்யூரிட்டி என்று சுழல் ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் யார் வந்தாலும் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

சப்நெட்டிங், அதாவது நெட்வொர்க் முகவரிகளைச் சிறு கட்டுகளாகப் பிரிக்கும் கணக்கு, என்றாலே பலர் பயப்படுவார்கள். இவருக்கு அது ஒரு வாரத்து வேலை. 192.168.10.77 என்ற முகவரி, மாஸ்க் ஸ்லாஷ் 26. ஸ்லாஷ் 26 என்றால் 64 முகவரிகள் கொண்ட கட்டுகள்: 0, 64, 128, 192. ஆகவே 77 இருப்பது 64-இல் தொடங்கும் கட்டில், கட்டில் உள்ள எல்லா மெஷினுக்கும் போகும் பிராட்காஸ்ட் முகவரி 127, மெஷின்களுக்குக் கொடுக்கக் கூடியது 65 முதல் 126 வரை, மொத்தம் 62. இந்தக் கணக்கை ரிங் ஃப்ரேம் ரீடிங் எழுதும் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டுப் பழகினார். அவரைத் திணற வைத்தது, நெட்வொர்க்கில் தகவல் வட்டமடிக்காமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ. அதைவிடவும் திணற வைத்தது கேள்விகளின் ஆங்கிலம். விஷயம் தெரியும், ஆனால் கேள்வி எதைக் கேட்கிறது என்பதைப் பிடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். தினமும் ஒரு பக்கம் வாய்விட்டுப் படி என்றேன். வீட்டில் சிரிக்கிறார்கள் சார் என்றார். சரி, சிரிக்கட்டும்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பழைய சிஸ்கோ 2960 ஸ்விட்ச் ஒன்றை வாங்கி வந்தார். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு அதிலேயே இருந்தது. முன்பக்கத்தில் உள்ள மோட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்து, உள்ளே அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைலின் பெயரை மாற்றி மறுபடி பூட் செய்தால் பாஸ்வேர்டு கேட்காது. அதை அவரே தேடிக் கண்டுபிடித்துச் செய்தார். ஒரு நாள் முழுக்க ஆயிற்று. அந்த ஒரு நாளில் அவர் கற்றதை நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

137 மீட்டர்

இனி மில்லுக்குள் நடந்தது. ஆட்டோகோனர் ஷெட்டில் உள்ள கம்ப்யூட்டர் ஆபீஸ் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும். வெயில் ஏறியதும் விட்டு விட்டுத் துண்டிக்கும். ராத்திரியில் பெரும்பாலும் தொந்தரவு இராது. வெளியிலிருந்து வரும் ஆள் இரண்டு முறை ஸ்விட்ச்சை மாற்றினார், ஒரு முறை கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டை மாற்றினார். தீரவில்லை. பஞ்சுத் தூசிதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மில்லில் எந்தக் கோளாறுக்கும் பஞ்சின் மேல் பழி போட்டுவிடலாம்.

காப்பர் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பதை அந்த மாதம்தான் வகுப்பில் பார்த்திருந்தோம். ஆனால் கூரைக்கு மேலே வளைந்து வளைந்து போகும் கேபிளை எப்படி அளப்பது? அவர் அளக்கவில்லை, படித்தார். நெட்வொர்க் கேபிளின் மேலுறையில் மீட்டர் எண் அச்சாகியிருக்கும். ஒரு பெட்டி 305 மீட்டர். சுருளிலிருந்து எவ்வளவு வெட்டினாலும் எண் தொடர்ந்து வரும். ஆபீஸ் முனையில் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் 041. ஷெட் முனையில் 178. கழித்தால் 137 மீட்டர்.

எல்லையைத் தாண்டிய கேபிள் வேலையே செய்யாது என்பதில்லை, ஒப்பேற்றும். சூடு ஏறினால் செம்பில் சிக்னல் இன்னும் தேயும். அதனால்தான் மதியத்தில் விழுந்தது. போதாக்குறைக்கு அந்தக் கேபிள் மோட்டார்களின் இன்வெர்ட்டர் டிரைவ்களுக்குப் போகும் பவர் கேபிளோடு ஒரே ட்ரேயில் படுத்திருந்தது. டிரைவ் எவ்வளவு மின் இரைச்சல் கிளப்பும் என்பது அவருக்கு எலெக்ட்ரிக்கல் பக்கத்திலிருந்து ஏற்கெனவே தெரியும். கண்ணாடி இழையில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. ஃபைபர் ஒன்று இழுத்து, இரண்டு முனையிலும் ஃபைபரைக் காப்பரோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தார்கள். துண்டிப்பு நின்றது.

இதைக் கேட்டதும் நான் சொன்னது ஒன்றுதான்: எழுதி வை. என்ன கோளாறு, என்ன சந்தேகப்பட்டாய், எதைப் பார்த்து உறுதி செய்தாய், என்ன மாற்றினாய். அடுத்து ஆபீஸில் யாரோ ஒரே பேட்ச் கார்டின் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகி, மொத்த நெட்வொர்க்கும் படுத்தது. எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் துடிப்பதைப் பார்த்ததுமே லூப், அதாவது தகவல் வெளியே போக வழியில்லாமல் வட்டமடிக்கிறது என்று பிடித்துவிட்டார். இந்த லூப்பைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். ஆபீஸில் இருந்த மலிவு ஸ்விட்ச்சில் அது கிடையாது. புத்தகத்தில் புரியாமல் கிடந்த பாடம் அன்று அரை மணியில் புரிந்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு மில்லின் முழு நெட்வொர்க்கையும் ஒரு தாளில் வரைந்து, கேபிளுக்கெல்லாம் லேபிள் ஒட்டி, மேனேஜரிடம் காட்டினார். வெளி ஆளைக் கூப்பிடும் செலவு குறைகிறதே என்று அவருக்கும் சந்தோஷம். சம்பளம் ஏறவில்லை. ஏறாது என்று தெரிந்ததால் இவர் வேறொன்று கேட்டார்: நெட்வொர்க் பராமரிப்பும் தன் பொறுப்பு என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். கொடுத்தார்கள். அனுபவம் பூஜ்யம் என்று இருந்த ரெஸ்யூமேயில் ஒன்றரை வருட அனுபவம் நியாயமாக ஏறியது அந்தக் கடிதத்தால்தான்.

தேர்வு

சிசிஎன்ஏ தேர்வு 2020 பிப்ரவரியிலிருந்து ஒரே தாள், எண் 200-301, இரண்டு மணி நேரம். ஒரு கேள்விக்குப் பதில் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் திரும்பி வர முடியாது. கட்டணம் 300 டாலர், வரியும் சேர்ந்தால் முப்பதாயிரத்தை ஒட்டி வந்துவிடும். அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

முதல் முறை ஃபெயில். பாடத்திட்டத்தில் ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம், அடிப்படைகளுக்கும் நெட்வொர்க் அக்சஸுக்கும் தலா 20, செக்யூரிட்டிக்கு 15, ஐபி சர்வீசஸுக்கும் ஆட்டோமேஷனுக்கும் தலா 10. கடைசி இரண்டும் பத்துப் பத்துதானே என்று மேலோட்டமாக விட்டிருந்தார். இரண்டும் சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு. ஸ்கோர் ரிப்போர்ட்டில் அந்த இரண்டு வரிகளும் தரையில் கிடந்தன.

ஃபெயிலான ஆளைத் தேடித்தான் டம்ப் வரும். அதாவது தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லி விற்கப்படும் பிடிஎஃப். கூடப் படித்த ஒருவர் அனுப்பினார். சிஸ்கோவுக்குத் தெரிந்தால் சான்றிதழே ரத்தாகும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், மனப்பாடம் செய்து பாஸ் ஆனவரை இன்டர்வியூவில் மூன்றாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம்; நானே பிடித்திருக்கிறேன். இவர் அதைத் திறந்து பார்க்கவில்லை என்று சொன்னார், நம்புகிறேன். இரண்டாவது கட்டணத்துக்கு மனைவி தன் தையல் பணத்திலிருந்து கொடுத்தார். 2024 தொடக்கத்தில் பாஸ்.

வேலை தேடியது

இந்தக் கட்டம்தான் கசப்பு. பி.இ. மட்டும், பத்தாவதிலிருந்து 60 சதவீதம், வயது 28-க்குள் என்ற வடிகட்டிகளில் பெரும்பாலான விண்ணப்பங்கள் ஆளைப் பார்க்காமலே நின்றன. போன் வந்த சிலவற்றிலும் ஆங்கிலத்தில் தடுமாறினார். மாதங்கள் ஓடின. கடைசியில் சென்னையில், ஒரு பெரிய நிறுவனத்தின் கிளைகளைக் கண்காணிக்கும் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டரில் எல்-1, அதாவது முதல் நிலை வேலை. மூன்றாம் தரப்பு பேரோலில், அதாவது இன்னொரு கம்பெனி சம்பளம் போடும் ஒப்பந்தம்.

இன்டர்வியூவில் கேட்டதை அவர் வந்து சொன்னபோது குறித்துக்கொண்டேன். ஒரு கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால் என்ன அர்த்தம்? முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, கேபிளிலிருந்து பார்த்துக்கொண்டு வருவேன் என்றிருக்கிறார். ரவுட்டர்கள் பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறையான ஓஎஸ்பிஎஃப்-இல், 100 எம்பிபிஎஸ் ஃபாஸ்ட் ஈதர்நெட்டுக்கும் அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட்டுக்கும் காஸ்ட், அதாவது பாதைக்குப் போடும் மதிப்பு, ஏன் ஒன்றாகவே வருகிறது? தெரியவில்லை என்றிருக்கிறார். விடை இதுதான்: ஒப்பிடும் அளவை லிங்க்கின் வேகத்தால் வகுத்து வருவது காஸ்ட்; அந்த அளவு வழக்கமாக 100 எம்பிபிஎஸ் என்று வைக்கப்பட்டிருப்பதால், அதற்கு மேல் எவ்வளவு வேகமானாலும் 1-க்குக் கீழே போகாது. அவர் படித்த பாடம்தான், பதற்றத்தில் வரவில்லை. அடுத்து, நீங்களே தீர்த்த பிரச்சினை ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அந்த 041, 178 கேபிள் கதையைச் சொல்லியிருக்கிறார். தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில், பாதிக்கு மேல் தமிழில். எதிரே இருந்தவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாராம்.

கடைசிக் கேள்வி, நைட் ஷிஃப்ட் பார்ப்பீர்களா. பத்து வருடமாக அதைத்தானே சார் பார்க்கிறேன் என்றிருக்கிறார். புதிதாகக் கல்லூரி முடித்து வருபவர்கள் இந்த வேலையை விட்டு ஓடுவது பெரும்பாலும் நைட் ஷிஃப்ட்டால்தான். படிப்பைக் கெடுத்த அதே ஷிஃப்ட் இங்கே தகுதியாகிவிட்டது.

பணக் கணக்கு

மாற்றத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மில்லில் 24,000. சென்னையில் கைக்கு வந்தது 18,000, நைட் அலவன்ஸ் தனி. அதில் வேளச்சேரியில் நான்கு பேரோடு பங்கு போட்ட அறை வாடகை, சாப்பாடு. குடும்பம் ஊரிலேயே. மாதம் ஏறத்தாழ பத்தாயிரம் பள்ளம் விழுந்தது. அதை அடைத்தது தையல் வருமானமும், கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகைக் கடனும். மில் சம்பளத்தை மறுபடி எட்ட ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இந்த ஒரு வருடத்தைத் தாங்க வழி இருக்கிறதா என்பதைப் படிப்பில் சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டவர் மனைவி. "ஒன்றரை வருசம் சமாளிக்கலாம், அதுக்கு மேல ஆனா திரும்பி வந்துருங்க" என்று கெடு வைத்துத்தான் அனுப்பினார்.

வேலையில் அவருடைய பழைய தொழில் கைகொடுத்த விதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளை ஒன்றின் லிங்க் டவுன் என்று அலாரம் வந்தால், மற்றவர்கள் உடனே இணையச் சேவை நிறுவனத்திடம் டிக்கெட் போடுவார்கள். இவர் முதலில் கிளைக்கு போன் செய்து யூபிஎஸ் பீப் அடிக்கிறதா என்று கேட்பார். நிறைய நேரம் கரண்ட்தான் போயிருக்கும், அல்லது பேட்டரி செத்திருக்கும். எர்த்திங் சரியில்லாத கிளை ஒன்றில் ரவுட்டர் திரும்பத் திரும்பப் பழுதானதையும் அவர்தான் சொன்னார். எலெக்ட்ரீஷியன் மூளை என்று டீமில் கிண்டல். ஆனால் அடுத்த நிலையான எல்-2க்கு ஆள் எடுத்தபோது முதலில் போன பெயர் அவருடையது.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. அவருக்கு ஸ்விட்ச் போர்டைத் திறக்கும் கை இருந்தது, நோண்டிப் பார்க்க விட்ட மேனேஜர் இருந்தார். பி.காம். முடித்துக் கணக்கு எழுதும் ஒருவருக்கு மில் ஷெட் கிடையாது. அவர் ஆபீஸ் பிரிண்டர், வைஃபை, டேலி சர்வர் என்று தொடங்க வேண்டியிருக்கும். கடிதம் வாங்குவது இன்னும் கடினம். என் வகுப்புக்கு வந்த பெண்களில் சிலர் நன்றாகப் படித்தும் நைட் ஷிஃப்ட், தனியாகச் சென்னை என்ற இரண்டு இடத்தில் வீட்டில் தடை விழுந்து நின்றுவிட்டார்கள். அதற்கு இந்தக் கதையில் விடை இல்லை.

மில்லுக்காரர் இப்போது கோவையில் எல்-2, நேரடி பேரோல், 34,000 ரூபாய். குடும்பத்தை அங்கே கொண்டுபோயாயிற்று; மனைவி புது வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார், அது இன்னும் சூடு பிடிக்கவில்லை. சிசிஎன்ஏ மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதையே மறுபடி எழுதுவதைவிட அடுத்த படியான என்கோர், 350-401, எழுதிப் பாஸ் ஆனால் பழையதும் தானாகப் புதுப்பிக்கப்படும். கட்டணம் 400 டாலர். இந்த முறை ஆட்டோமேஷன் பாடத்தை முதலில் எடுத்திருக்கிறார்.